நெறிமுறைத் தலைமைத்துவமா, அறத்தலைமையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பணியிட ஒழுக்கத்தைப் பற்றிய பயிலரங்குகளுக்குத் தமிழில் அறிவிப்பு வரும்போதெல்லாம், ‘எத்திக்கல் லீடர்ஷிப்’ என்பது ‘நெறிமுறைத் தலைமைத்துவம்’ ஆகிவிடுகிறது. சென்ற மாதம் மூன்றாம் முறையாக அதைப் படித்தபின், எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

‘எத்திக்ஸ்’, குணத்தைக் குறிக்கும் ‘ஈதோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் அதற்கு நேரானது அறம்.

நெறிமுறை வேறு. கணினிகளின் ‘புரோட்டோகால்’ முதல் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் கைகழுவும் படிநிலைகள் வரை, வெளியிலிருந்து விதிக்கப்பட்ட ஒழுங்கையே அச்சொல் இன்று சுட்டுகிறது. சாட்ஸ்வொர்த்தில் என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் செவிலியர் ஒருவர் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, “விதிப்படி நடக்கும் மேலாளரா, ஐயா?” என்று கேட்டார். அவர் சொல்லைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். மொழிபெயர்ப்புதான் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. ஏனென்றால், இந்நாட்டு நிறுவனங்களுக்கு வழிகாட்டிய 2016ஆம் ஆண்டின் நான்காம் கிங் அறிக்கை, நிறுவன ஆளுகை என்பதையே அறமும் செயல்திறனும் உடைய தலைமை என்று வரையறுத்து, விதிகளுக்கு எதிரே சரிக்குறி இட்டுச் செல்லும் பழக்கத்தைத்தான் கைவிடச் சொல்கிறது.

அறம் என்றால் தானதருமம் என்று மக்கள் நினைத்துக்கொள்வார்கள் என்பது மறுப்போரின் வாதம். மதுரைக்காஞ்சி நீதிமன்றத்தை ‘அறங்கூறவையம்’ என்கிறது. அங்கே யாரும் தானம் கொடுக்கவில்லை, தம் பணியை நடுவுநிலையோடு செய்தார்கள். பட்டினப்பாலை காட்டும் புகார் வணிகர், ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ விற்றதற்கு, ‘நடுவு நின்ற நன்னெஞ்சினோர்’ என்று நெஞ்சைத்தான் காரணமாகச் சொல்கிறது அந்நூல். பணியிட அறத்துக்கு இதைவிட நெருக்கமான சான்று எதற்கு?

‘தலைமைத்துவம்’ இன்னொரு சுமை. தலைமையில் ‘மை’ விகுதி இருக்கும்போதே அதன்மேல் வடமொழி விகுதியான ‘துவம்’ எதற்கு? பொறுமைத்துவம், நேர்மைத்துவம் என்று நாம் சொல்வதில்லையே. நீளமாக ஒலித்தால் அலுவலகத் தமிழ் ஆகிவிடும் என்று மொழிபெயர்ப்பாளர்கள் நம்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்நாட்டு அரசுப் பணிக்கான 1997ஆம் ஆண்டின் கொள்கைக்கு, ‘மக்களே முதல்’ என்று பொருள்படும் ‘பாத்தோ பெலே’ என்ற சோத்தோ மொழியின் எளிய சொற்களே பெயராயின. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

ஆகவே ‘எத்திக்கல் லீடர்ஷிப்’ அறத்தலைமை. சொற்றொடரில் ‘அறவழித் தலைமை’ என்றும் எழுதலாம். ஊழியர் கையொப்பமிடும் ‘கோட் ஆஃப் காண்டக்ட்’ மட்டும் நடத்தை நெறிமுறையாகவே இருக்கட்டும். அது விதிகளின் தொகுப்புத்தான்.