நடுங்கும் விரலும் 85 என்ற எண்ணும்

"நோயாளி நன்றாகத்தான் இருக்கிறார். விரலில் மாட்டிய கருவி மட்டும் ஏன் இரவெல்லாம் அலறுகிறது?" தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்தக் கருவியின் பெயர் பல்ஸ் ஆக்சிமீட்டர். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று அது காட்டும். அது விரலுக்குள் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இழந்தது சிவப்பை அதிகம் உறிஞ்சும். தோலும் எலும்பும் சிரை இரத்தமும்கூட ஒளியை உறிஞ்சுமே, அவற்றை எப்படிக் கழிப்பது? 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அவோயாகி கண்ட வழி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இதயம் துடிக்கும்போதெல்லாம் தமனி இரத்தம் ஏறி இறங்கும். மற்றவை அப்படியே இருக்கும். ஏறி இறங்கும் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். வேறோர் அளவீட்டில் அவருக்குத் தொல்லை கொடுத்த துடிப்பையே அவர் அளவுகோலாக்கிக்கொண்டார்.

வாசகியின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதே துடிப்புதான். ஏறி இறங்குவதெல்லாம் தமனி என்றே கருவி நம்புகிறது. நோயாளி குளிரில் நடுங்கினால் விரலில் உள்ள அனைத்தும் குலுங்கும். இரண்டு ஒளிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் அலைபாயும். சிவப்பின் துடிப்புப் பங்கை அகச்சிவப்பின் துடிப்புப் பங்கால் வகுத்துத்தான் கருவி விடை காண்கிறது. இரண்டும் சமமானால் ஈவு 1. கருவிக்குள் பதிந்திருக்கும் அட்டவணையில் 1க்கு நேராக இருப்பது ஏறத்தாழ 85 சதவீத ஆக்சிஜன்! அலாரம் எல்லையை 90 என்று வைத்திருந்தால், நுரையீரலில் எந்தக் குறையும் இல்லாமலேயே மணி அடித்துவிடும்.

2014இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக (சான் பிரான்சிஸ்கோ) ஆய்வில், 77 படுக்கைகளின் மானிட்டர்கள் 31 நாட்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை எழுப்பின. காதுக்குக் கேட்டவை மட்டும் ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 187. இத்தனை ஒலிக்கு நடுவே உண்மையான ஆபத்தின் ஒலியும் கரைந்துபோவதற்குச் செவிலியரைக் குறை சொல்வது அநியாயம்.

எளிய நிவாரணம், எண் இறங்கியதும் அலறாமல் சில விநாடிகள் பொறுக்கும்படி கருவியை அமைப்பது. அசைவு நின்றதும் எண் தானாகவே ஏறிவிடும். ஆனால் கருவி ஏற்கெனவே பல விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. நுரையீரலில் நேர்ந்த மாற்றம் விரல்வரை வந்துசேரவும் நேரம் பிடிக்கும். நிலைமை வேகமாக மோசமடையக்கூடிய நோயாளிக்குக் கூடுதல் தாமதம் ஆபத்து. ஆகவே வார்டு முழுவதற்கும் ஒரே அமைப்பு உதவாது. படுக்கையருகே நிற்பவரின் கணிப்பைக் கேட்டே அதை முடிவு செய்ய வேண்டும்.

புதிய கருவிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் தருபவர்கள், அவை வார்டில் எத்தனை அலாரங்களைக் கூட்டும் என்ற கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகிக்குத் திரையிலேயே ஒரு துணை உண்டு: எண்ணுக்குப் பக்கத்தில் ஓடும் அலை. அது சீராக ஓடி, நாடித்துடிப்பும் இசிஜி காட்டும் இதயத்துடிப்பும் ஒத்துப்போனால் 85ஐ நம்பி விரையுங்கள். அலை தாறுமாறாக இருந்தால், முதலில் நோயாளியின் மூச்சையும் முகத்தையும் பார்த்துவிட்டு, கருவியை அசையாத வேறொரு விரலுக்கு மாற்றுங்கள்.