டி.ஆர்.எம்: உரிமையா, பூட்டா?

பழைய கேம் ஒன்றை மறுபடி ஆட ஆசை வந்தது. வட்டு அசல், பெட்டியும் பத்திரமாக இருக்கிறது. சீரியல் கீயை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். கீயைச் சரிபார்க்கும் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அந்த சர்வரை எப்போதோ மூடிவிட்டார்களாம். காசு கொடுத்தவனையே வாசலில் நிறுத்தும் இந்த ஏற்பாட்டின் பெயர் டி.ஆர்.எம், டிஜிட்டல் ரைட்ஸ் மேனேஜ்மென்ட் என்பதன் சுருக்கம்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எண்ணிம உரிமை மேலாண்மை'. இலக்கணத்தில் பழுதில்லை. ஆனால் யாருடைய உரிமை? ரைட்ஸ் என்று இங்கே சொல்வது பதிப்புரிமை வைத்திருப்பவரின் உரிமையை. தமிழில் படிப்பவரோ தன் உரிமையை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன், ரைட்ஸை எடுத்துவிட்டு ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ், அதாவது கட்டுப்பாடுகள், என்றே இதை விரித்துச் சொல்வார்.

சரி, பழைய பெயரான காப்பி புரொடெக்‌ஷனுக்குப் போவோம். 'நகல் காப்பு' என்று சொல்லலாம். (நகலும் அதன் எதிர்ச்சொல்லான அசலும் அரபியிலிருந்து வந்தவை, தனித்தமிழ் வேண்டுவோருக்குப் 'படி' இருக்கிறது.) காப்பு என்றால் காவல், பேச்சுவழக்கில் கைவிலங்கும் காப்புதான், அந்தப் பொருத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனால் காப்புரிமை வேறு. அது பேட்டன்ட். காப்பிரைட்டுக்குச் சொல் பதிப்புரிமை. ஒலி ஒத்துப்போவதால் பலரும் இரண்டையும் குழப்புகிறார்கள்.

நகல் காப்பு என்ற பெயர் ஒரு காலத்துக்குச் சரியாகவே பொருந்தியது. 1990இல் வந்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' கேமுடன் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும் அட்டைச் சக்கரம் ஒன்று வரும். திரையில் ஒரு கடற்கொள்ளையன் முகம் தெரியும். சக்கரத்தைச் சுற்றி நெற்றியையும் தாடையையும் பொருத்தினால் சிறு துளையில் ஓர் ஆண்டு தெரியும். அதைத் தட்டினால் கேம் திறக்கும். தொல்லைதான். ஆனால் அந்தச் சக்கரத்தையும் வட்டையும் நண்பனிடம் கொடுத்தால் அவனும் ஆடலாம், யாரையும் கேட்க வேண்டாம்.

2008இல் 'ஸ்போர்' கேம் வந்தபோது கதை மாறிவிட்டது. மூன்று முறைதான் கணினிகளில் நிறுவி ஆக்டிவேட் செய்யலாம் என்றார்கள். வாங்கியவர்கள் கொதித்ததும் ஐந்தாக்கினார்கள். 2013இன் 'சிம்சிட்டி'யைத் தனியாக ஆடவும் இணையம் வேண்டும். வெளியான நாட்களில் சர்வர்கள் திணற, வாங்கியவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். இணையம் இல்லாமல் ஆடும் வசதி அடுத்த ஆண்டுதான் வந்தது. இவை நகலெடுப்பதை மட்டும் தடுக்கவில்லை, வாங்கியவரின் பயன்பாட்டுக்கே அளவு வைத்தன. ஆக நகல் காப்பும் போதாது.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. உரிமை என்றால் நமக்கே உரியது. உரிமம் என்றால் லைசென்ஸ்: இன்னொருவர் கொடுப்பது, திரும்பப் பெறக்கூடியது. ஈற்றில் 'மை' போய் 'மம்' வந்ததில் எவ்வளவு வித்தியாசம்! 'தி க்ரூ' பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டன. தனியாக ஆட வட்டு வைத்திருந்தவருக்கும் அன்றோடு சரி. அவர் கையில் இருந்தது உரிமம் மட்டும்.

ஆகவே டி.ஆர்.எம்முக்கு நான் 'பயன்பாட்டுப் பூட்டு' என்று எழுதுகிறேன். பூட்டு என்றதுமே சாவி யாரிடம் என்ற கேள்வி தானாக எழும். டி.ஆர்.எம்-ஃப்ரீ என்பது 'பூட்டில்லா' என்று சுருங்கும்: 'ஜி.ஓ.ஜி பூட்டில்லா கேம்களை விற்கும் தளம்.' 2025 முதல் நடப்பில் உள்ள கலிஃபோர்னியச் சட்டமும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. உரிமத்தை மட்டும் விற்கும் கடை அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக்கூடாது. தரவிறக்கி, இணையமில்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி விற்றால் அந்த நிபந்தனை இல்லை.