வெளிச்சுவர்ப் பூச்சு பிளப்பதும் பிரிவதும்

வெளிச்சுவர்ப் பூச்சில் வெடிப்பைக் கண்டதும் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: சிமெண்டைக் குறைத்துவிட்டார்கள். சில வீடுகளில் அது உண்மை. அங்கே விரலால் தேய்த்தாலே மணல் உதிரும். ஆனால் சுவர் முழுக்க மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் படர்ந்து, பூச்சு மட்டும் கல்லாய் இறுகியிருந்தால் நடந்தது அநேகமாக நேரெதிர். சிமெண்ட் தூக்கலாகியிருக்கும், தண்ணீரும் கூடியிருக்கும். இது புரியாமல் அதைவிடக் கெட்டியான கலவையை மேலே பூசுவதுதான் வழக்கமான பழுதுபார்ப்பு. அதுவும் சில மழைக்காலங்களுக்குள் பிளந்துவிடும்.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது. அந்த வினையில் பிறக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை மணல் துகள்களைப் பிணைக்கிறது. வினையில் நேரடியாகச் சேரும் தண்ணீர் சிமெண்ட் எடையில் ஏறத்தாழ 23 சதவீதம். பசையின் நுண்துளைகளில் தங்குவதையும் சேர்த்தால் 40 சதவீதம் போதும். ஆனால் அவ்வளவு தண்ணீரில் கலவை கரணைக்கு வழுக்காது, சுவரில் இழுபடாது. அதனால் கொத்தனார் கூடுதலாக ஊற்றத்தான் செய்வார். அந்த உபரித் தண்ணீர் பின்னால் வெளியேறும்போது நுண்துளைகளில் எஞ்சும் நீரின் பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்நோக்கி இழுக்கும். பூச்சு சுருங்கும்.

தனியாக நின்றால் சுருங்குவதால் ஒரு கேடும் இல்லை. ஆனால் பூச்சின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கிறது, சுவரோ சுருங்குவதில்லை. பூச்சு முழுவதும் இழுவிசைக்கு உள்ளாகிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சிமெண்ட் கலவை இழுப்பைத் தாங்கும். தாங்காத இடத்தில் வறண்ட ஏரியின் சேறு போலப் பாளம் பாளமாக வெடிக்கிறது.

சுருங்குவது சிமெண்ட் பசை மட்டுமே, மணல் சுருங்காது. எனவே சிமெண்ட் கூடினால் வலு கூடுகிற அளவுக்குச் சுருக்கமும் கூடும். மணலில் களிமண் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது தண்ணீரை அதிகம் கேட்கும், தானும் சுருங்கும், மணலுக்கும் பசைக்கும் நடுவே படலமாக நிற்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மணலும் உப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால் மேலே படியும் வண்டலின் உயரம் தெரிந்துவிடும். மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவாமல் தொடக்கூடாது. மேற்பரப்பு ஈரமாக இருக்கிறதென்று வெறும் சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் இதே கோளாறுதான். மேலே ஒரு மி.மீ. கனத்துக்குச் சிமெண்ட் தோல் உருவாகி, அது மட்டும் தனியாகச் சுருங்கி வலை வெடிப்பாகிறது. பார்வைக்கு அசிங்கமே தவிர, பல சமயம் இதில் ஆபத்து இல்லை.

ஆபத்து இருப்பது ஒட்டு விட்டுப்போன பூச்சில். கலவையிலிருந்து சிமெண்ட் கரைந்த நீர் செங்கல்லின் துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கே படிகங்களாக வளர்ந்து பிடித்துக்கொள்வதால்தான் பூச்சு ஒட்டுகிறது. செங்கல் காய்ந்து கிடந்தால் ஒட்டுமிடத்தில் தண்ணீர் மொத்தமும் போய், வினை பாதியில் நின்று, வெறும் மணலும் பொடியும் மிஞ்சும். செங்கல் தண்ணீரில் ஊறிக் கிடந்தால் உறிஞ்சவே உறிஞ்சாது. முதல் நாளே சுவரை நன்றாக நனைத்து, மேற்பரப்பின் மினுமினுப்பு மறைந்த பிறகு பூசுவதே சரி. வெளிப்பக்கம் வெயிலும் காற்றும் இதே வேலையைச் செய்கின்றன. துளைகளுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிமெண்டின் வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். பூசி ஏழு நாள் தண்ணீர் விடுவது இதற்காகத்தான்.

ஆகவே பழுதுபார்க்கும் முன் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியல் போதும். சுவரோடு ஒட்டிய பூச்சு 'டக்' என்று சுருக்கமாக ஒலிக்கும், ஏனென்றால் சுவர் முழுவதன் எடையும் விறைப்பும் அதன் பின்னால் இருக்கிறது. ஒட்டு விட்ட பகுதி மெல்லிய தகடாகத் தனித்து அதிர்வதால் 'டொப்' என்று கனத்த ஓசை வரும். அந்த எல்லைகளைச் சாக்பீஸால் வரைந்துகொண்டே போனால் சுவரின் நோய் வரைபடமாகக் கண்முன் நிற்கும். எதைப் பெயர்ப்பது, எதை விடுவது என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டும். வெடிப்புகளின் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. இருபது மி.மீ. பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ. வாசலுக்கு மேலே 'டொப்' என்று ஒலிக்கும் பகுதியை ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம். தரையருகே உள்ளங்கையளவு இடம் வெடிப்பில்லாமல் அப்படி ஒலித்தால், நான் அதைத் தொடாமல் விடத்தான் சொல்வேன்.

வெடிப்பு வழியே மழை நுழைவதற்குக் காற்றின் தள்ளல்தான் காரணம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு விதமாக வருகிறது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2.4 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். ஆனால் 0.1 மி.மீ. அகல வெடிப்பு நுண்புழை விசையால் தண்ணீரை 15 செ.மீ. உயரம் வரை இழுக்கக்கூடியது. காற்றே இல்லாத தூறலிலும் மயிரிழை வெடிப்பு குடித்துக்கொண்டே இருக்கும். குடித்த தண்ணீரைச் செங்கல் வாங்கிக்கொள்ளும். வெயிலடித்ததும் அது வெளியே வரும்போது உப்புகளையும் அழைத்து வரும். உப்பு மேற்பரப்பில் பூத்தால் துடைத்துவிடலாம். பெயிண்டுக்கோ பூச்சுக்கோ பின்னால் படிகமானால் தள்ளிப் பெயர்த்துவிடும். நீரற்ற சோடியம் சல்பேட் ஈரம் பட்டு நீரேறிய படிகமாக மாறும்போது அதன் கனஅளவு நான்கு மடங்குக்கும் மேல் ஆகிறது.

பட்டி பார்த்து, தடித்த பெயிண்ட் அடித்து மூடுவதில் எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுவே காரணம். உள்ளே ஈரம் இருக்கும்போது நீராவி புகாத படலத்தைப் போட்டால் அந்த ஈரம் அங்கேயே சிறைப்படும். பாராபெட்டின் மேல்விளிம்பு, சுவரில் புதைந்த குழாய், ஜன்னலைச் சுற்றிய இடுக்கு ஆகிய மூன்றையும் பார்க்காமல் பூச்சில் கைவைப்பதும் வீண்வேலை.

இனி பெயர்த்துப் பூசும் வேலை. குறித்த பகுதியை கிரைண்டரால் நேர்கோடாக வெட்டி, செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இணைப்புகளை 10 மி.மீ. ஆழம் சுரண்டினால் புதுப் பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். தூசியைத் துடைப்பத்தாலும் தண்ணீராலும் போக்கியே தீர வேண்டும். ஒட்டுவது தூசியோடு என்றால், பிரிவதும் தூசியோடுதான். பிறகு 1 பங்கு சிமெண்டுக்கு 2 பங்கு பருமணல் சேர்த்துக் கூழாகக் கரைத்து, சுவரில் வீசித் தெளித்து, சொரசொரப்பாகவே விட்டு ஓரிரு நாள் நனைத்து வைக்க வேண்டும். மெல்லியதாக, இடைவெளியோடு இருப்பதால் மட்டுமே இவ்வளவு சிமெண்டை இங்கே அனுமதிக்கிறோம். இதற்குப் பதில் ஒட்டுப்பால் (பிடிமானத்துக்காகத் தடவும் பால்போன்ற ஒட்டுத் திரவம்) தடவுகிறவர்கள் அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பூசிவிட வேண்டும். காய்ந்தபின் அது ஒட்டவிடாத படலமாக மாறிவிடும்.

முதல் பூச்சு 12 மி.மீ. அளவுக்கு. அதைக் கீறிவிட்டு, இறுகவிட்டு, இரண்டாவது 8 மி.மீ. ஒரே மூச்சில் 25 மி.மீ. அப்பினால் தன் எடையாலேயே கீழிறங்கி, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். ஒவ்வொரு அடுக்கும் தன் பின்னால் உள்ளதைவிடச் சற்று வலு குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. வலுவான மேலடுக்கு சுருங்கும்போது பலவீனமான கீழடுக்கைத் தோலோடு உரித்துக்கொண்டு வரும். வலு குறைந்த மேலடுக்கோ தனக்குள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்ற பழைய கலவை இதற்கு அருமையாகப் பொருந்தும். சுண்ணாம்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, கலவையை இளக்கமாகவும் வைத்திருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்களில் வெறும் சிமெண்ட் பூச்சு போடுவதைக் கண்டால் வயிறு எரிகிறது.

கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் நேர்கோடாக விழும் வெடிப்புக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஒரு பாகை வெப்பத்துக்குக் கான்கிரீட் விரிவது செங்கல்லைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. மூன்று மீட்டர் நீளத்தில் 30 பாகை மாறினால் இரண்டுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் வரும். கோட்டின் இருபுறமும் தலா 10 செ.மீ.யாவது பரவும்படி கம்பிவலையோ காரம் தாங்கும் கண்ணாடியிழை வலையோ பதித்துப் பூசினால் அந்த அசைவு ஒரே கோட்டில் குவியாமல் பரவிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டாகச் சரிந்து, ஒரு முனையில் அகன்று கிடக்கும் வெடிப்பு பூச்சின் குற்றமே அல்ல. அதன் குறுக்கே பென்சிலில் கோடிட்டு, அகலத்தையும் தேதியையும் எழுதி, சில மாதம் கவனியுங்கள். வளர்ந்தால் கொத்தனாரை விட்டுப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

பூச்சு நல்லபடியாக முடிந்ததும் பெயிண்டுக்கு அவசரப்படுவார்கள். புதுப் பூச்சின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். எண்ணெய் கலந்த பெயிண்டை அது சோப்பாக்கிவிடும், மற்றவற்றிலும் நிறத்தை வெளுக்கச் செய்யலாம். தண்ணீர் விட்டு முடித்தபின் பூச்சு காய்ந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்தக் காரத்தை மேற்பரப்பிலாவது தணிக்க 28 நாள் என்பது பொதுவான கணக்கு. மழைக்காலமானால் நாளை எண்ண வேண்டாம். ஒரு சதுர மீட்டர் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, மறுநாள் உட்புறம் வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள். வியர்த்திருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.