சவுண்ட்பாரின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

தீபாவளி முடிந்த மறுவாரம் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரு தனி சீசன். பழுதான பெட்டியோடு வருபவர்களைவிட, புதிதாக வாங்கிய பெட்டியை எதில் மாட்டுவது என்று கேட்டு வருபவர்களே அப்போது அதிகம். போன ஆண்டு அப்படி வந்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆட்டோவிலிருந்து பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே 10 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலியான பேஸை மட்டும் எழுப்பும் பெட்டி), வெளியூரில் இருக்கும் மகன் அனுப்பியது. வீட்டில் டிவியும் அதன் கீழே மெலிதான சவுண்ட்பாரும் (நீளவாக்கு ஸ்பீக்கர் பட்டை) ஏற்கெனவே இருக்கின்றன.

"இரண்டிலும் புளூடூத் இருக்கிறது தம்பி. ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவே மாட்டேன் என்கிறது. எதில் பழுது என்று பார்த்துச் சொல்லுங்கள்."

எதிலும் பழுதில்லை. சவுண்ட்பாரில் இருக்கும் புளூடூத், செல்போனிலிருந்து பாட்டை வாங்குவதற்கானது. சப்வூஃபரில் இருப்பதும் வாங்குவதற்கானதுதான். இருவரும் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பேசுவது யார்?

சவுண்ட்பாருடன் தனியாக சப்வூஃபர் சேர்க்க நேர்வழிகள் இரண்டுதான். ஒன்று, பாரின் பின்பக்கம் 'சப்வூஃபர் அவுட்' என்று எழுதிய ஒற்றை ஆர்.சி.ஏ. துளை (நடுவில் ஒரு முள், சுற்றி ஒரு வளையம் உள்ள பின்னைச் செருகும் வட்டத் துளை) இருக்க வேண்டும். யமஹாவின் ஒய்.ஏ.எஸ்.-109 போன்ற சிலவற்றில் இது உண்டு. அப்படி இருந்தால் எந்த நிறுவனத்தின் பவர் சப்வூஃபரையும் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருப்பது) ஒரே ஒயரில் மாட்டிவிடலாம். இரண்டாவது, அதே நிறுவனம் அந்தப் பாருக்கென்றே விற்கும் வயர்லெஸ் சப்வூஃபர். சோனியின் எச்.டி.-ஏ5000, ஏ7000 பார்களுக்கு எஸ்.ஏ.-எஸ்.டபிள்யூ.3, எஸ்.டபிள்யூ.5 இருப்பதுபோல, சோனோஸ் பார்களுக்கு அவர்களின் சொந்த சப் இருப்பதுபோல. இந்த வயர்லெஸ் இணைப்பு பொதுவான புளூடூத் அல்ல; அவரவர் வீட்டுப் பேச்சு. வேற்று நிறுவனத்தின் பெட்டிக்கு அது புரியாது. அதே நிறுவனத்தின் பெட்டியானாலும் உங்கள் மாடலின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் சேராது.

இந்த இரண்டும் இல்லாத பாரைத்தான் பெரும்பாலான வீடுகளில் பார்க்கிறேன். தொல்லையெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

அவற்றுள் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது, பாரைப் பிரித்து உள்ளே ஒயர் பற்றவைப்பது. ஒருவர் கொண்டுவந்த பாரைத் திறந்தபோது, ஸ்பீக்கருக்குப் போகும் சிவப்பு, கறுப்பு ஒயர்களின் தோலைச் சீவி, இரண்டு புது ஒயர்களை முறுக்கிப் பற்றவைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றி, பக்கவாட்டில் துளையிட்டு வெளியே எடுத்திருந்தார்கள். மறுமுனையில் ஆர்.சி.ஏ. பின். பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பலவற்றில் இந்த வேலை ஓரளவு செல்லும். கறுப்பு ஒயர் அங்கே கிரவுண்டு, அதாவது சிக்னல் ஏறாத பொது ஒயர். இன்றைய சவுண்ட்பார்களில் இருப்பது கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப்ளிஃபயர் சிப். பெரும்பாலும் அது பிரிட்ஜ் முறையில் ஓடும். அதாவது கறுப்பு ஒயரிலும் சிக்னல் வந்துகொண்டிருக்கும். இரண்டில் எதுவும் கிரவுண்டு அல்ல. அந்தக் கறுப்பை ஆர்.சி.ஏ. பின்னின் வெளிவளையம் வழியாக சப்வூஃபரின் கிரவுண்டோடு சேர்த்தால், ஆம்ப்ளிஃபயரின் ஒரு காலை நேராகக் கிரவுண்டில் கட்டியதுபோல் ஆகிவிடும். சிப்பில் பாதுகாப்பு இருந்தால் பார் அணைந்து அணைந்து எரியும். இல்லாவிட்டால் ஒரு சின்ன 'டப்'. நான் திறந்த பாரில் சிப்பின் நடுவில் கடுகளவு பொத்தல் இருந்தது. சுற்றிலும் போர்டு பழுப்பேறிக் கிடந்தது. வாரண்டி முடிய ஏழு மாதம் பாக்கி இருந்தும், உறையைத் திறந்த அன்றே அது போய்விட்டது.

இன்னொரு வகை ஆசை, பாரோடு வந்த வூஃபரைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டுவது. ஒயரோடு வரும் 5.1 செட்டுகள் (ஐந்து ஸ்பீக்கர் சேனல், ஒரு பேஸ் சேனல்) சிலவற்றில், சோனி எச்.டி.-எஸ்20ஆர்-இல் இருப்பதுபோல, ஆம்ப்ளிஃபயரே வூஃபர் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கழற்றினால் பாரும் ஊமை, பின் ஸ்பீக்கர்களும் ஊமை.

சரி, பாரைத் தொட வேண்டாம், டிவியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுக்கலாம். பார் ஹெச்டிஎம்ஐ ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை பாருக்குத் திருப்பி அனுப்பும் துளை) வழியாக ஓடட்டும், டிவியின் ஆப்டிகல் துளையில் (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) அதைச் சாதாரண ஒலி சிக்னலாக மாற்றும் ஒரு சிறிய கன்வெர்ட்டர் மாட்டி, அதன் ஆர்.சி.ஏ. வழியாக சப்வூஃபர். பல டிவிகளில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நானே ஒரு வீட்டில் இப்படி மாட்டிக் கொடுத்து, சத்தம் வந்ததும் பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் மதியம் அந்த வீட்டு மருமகளிடமிருந்து போன். "அண்ணா, குழந்தை தூங்குகிறது என்று டிவியை 5-இல் வைத்திருக்கிறேன். பேச்சு காதில் விழவில்லை, தரை மட்டும் அதிர்கிறது."

தவறு என்னுடையது. ஏ.ஆர்.சி.யில் ரிமோட்டை அழுத்தினால் குறைவது பாரின் சத்தம். ஆப்டிகலில் போகும் சிக்னல் பெரும்பாலான டிவிகளில் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் சப்வூஃபரின் முதுகில் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். அன்று மாலையே போய்க் கழற்றிக்கொண்டு வந்தேன். கூலியையும் திருப்பிக் கொடுத்தேன் (பாதி, போய்வந்த பெட்ரோல் யார் தருவது?).

ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் ரிமோட்டுக்குக் கட்டுப்படும்தான். ஆனால் அங்கே பின்னைச் செருகியதும் பல டிவிகள் மற்ற ஒலியை நிறுத்திவிடுகின்றன. நிறுத்தாத டிவியிலும் இன்னொரு குறை உண்டு. 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று, வெடிக்கும் இடிக்கும் என்றே தனியாகப் பதிவு செய்த பேஸ் சேனல். டிவி அந்த ஆறு சேனல்களை இரண்டாகச் சுருக்கும்போது வழக்கமாக அதைத்தான் விட்டுவிடும். எதற்காக சப்வூஃபர் வாங்கினீர்களோ அது வந்து சேர்வதே இல்லை.

தாமதமும் ஒரு சங்கடம். பார் தனக்கு வரும் ஒலியை உள்ளே பிசைந்துதான் வெளியே விடுகிறது. தனி ஒயரில் போகும் சப்வூஃபர் அவ்வளவு காத்திருப்பதில்லை. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு 12.5 மில்லிசெகண்ட். அதில் பாதி, அதாவது ஆறேகால் மில்லிசெகண்ட் இரண்டும் விலகினால் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது. காசு கொடுத்துப் பெட்டி சேர்த்தும் பேஸ் குறைந்துபோனதாகப் புகார் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. சப்வூஃபரின் பின்னால் இருக்கும் 0/180 ஃபேஸ் சுவிட்ச் (தள்ளுவதை இழுப்பாகத் திருப்பிப் போடுவது) சிறிய விலகலுக்கு உதவும். விலகல் பத்துக்கணக்கான மில்லிசெகண்டுக்குப் போய்விட்டால் அதனால் பயனில்லை.

நேர்வழியில் மாட்ட முடிந்தவர்களுக்கு: பாரின் சப்வூஃபர் துளையிலிருந்து எடுக்கும்போது, சப்வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் திருகை (எந்த அளவுக்கு மேலுள்ள ஒலியை வடிகட்டுவது என்று வைப்பது) உச்சத்தில் வைத்துவிடுங்கள். பார் ஏற்கெனவே வடிகட்டித்தான் அனுப்புகிறது. இரண்டு முறை வடிகட்ட வேண்டாம். வால்யூமைக் கால் பங்கில் தொடங்கி, செய்தி வாசிப்பவரின் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும் இடத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பெட்டியை டிவி இருக்கும் பக்கமே வையுங்கள். மூலைக்குத் தள்ளினால் சத்தம் கூடும்; கூடவே ஒரே சுருதியில் 'கும்' என்று நிற்கவும் செய்யும். 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே முழங்கும். அது அறையின் குணம், பெட்டியின் குற்றமல்ல. இடம் தேட ஒரு பழைய வழி: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் ஏற்றி ஓடவிட்டு, அதை வைக்கக்கூடிய இடங்களில் நீங்கள் தரையோடு குனிந்து கேளுங்கள். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை. 'பேஸ் உடைகிறது' என்று என்னை அழைத்த ஒரு வீட்டில் உண்மையில் அதிர்ந்து கடகடத்துக்கொண்டிருந்தது ஷோகேஸ் கண்ணாடி. நாலாய் மடித்த தபால் உறை ஒன்றைக் கண்ணாடி ஓரத்தில் செருகியதும் அந்தப் புகார் தீர்ந்தது.

மாட்டிய பிறகு 'உம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து வந்தால், முதலில் செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அந்த ஒயர் வழியாக வரும் கிரவுண்டு. நிற்காவிட்டால் டிவி, பார், சப்வூஃபர் மூன்றையும் ஒரே பிளக் போர்டுக்கு மாற்றிப் பாருங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் போகும்தான். உள்ளே ஒயர் கசிந்தால் பெட்டியைத் தொடுபவரின் உடம்புதான் எர்த். இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள், எலக்ட்ரீஷியனே சொன்னாலும்.

வாட் கணக்கை நம்பி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்டைப்பெட்டியில் 5000 வாட் என்றும் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சம் என்று விளம்பரத்துக்காகப் போடும் கணக்கு) என்றும் இருந்தால், பெட்டியின் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் மின்சாரம் எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். அங்கே 60 வாட் என்றிருந்தால் 60 வாட்டுக்கு மேல் அது தொடர்ந்து தர வழியில்லை.

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பாரின் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வரச் சொன்னேன். ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல், யு.எஸ்.பி., அவ்வளவுதான். அந்தப் பாருக்கென்று அந்த நிறுவனம் தனி சப்வூஃபர் எதையும் விற்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருந்தது. ஆனால் அவருடைய சப்வூஃபரில் ஸ்பீக்கர் ஒயரை நேரடியாகச் செருகும் கிளிப்புகள் இருந்தன. "வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதாவது இருக்கிறதா சார்?" என்று கேட்டேன். பரணில் கேசட் காலத்து ஸ்டீரியோ ஒன்று இருந்தது. வால்யூம் திருகில் தூசு அடித்துக் கரகரத்தது; சுத்தம் செய்து, இரண்டு ஸ்பீக்கர்களோடு சப்வூஃபரையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். சவுண்ட்பார் டிவியோடு தனியே கிடக்கிறது.

பொங்கலுக்கு முன் கடைப்பக்கம் வந்தார். காலையில் நாகஸ்வரம் போடுகிறாராம். "இத்தனை வருஷமும் தவிலின் வலந்தலை, அந்தக் கூர்மையான பக்கம் மட்டும்தான் தம்பி கேட்டிருக்கிறேன். தொப்பி, அந்த ஆழமான பக்கம் இப்போதுதான் கேட்கிறது" என்றார்.