லேபிள் சொல்லாத லினன்

துணியின் தரம் பார்ப்பதே என் தொழில். அண்மையில் ஒருவர் தன் சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். மூன்றே சலவைதான் கண்டிருந்தது. அதற்குள் கழுத்துப்பட்டை மடிப்பில் பிசிறு எழும்பி, முழங்கைப் பக்கம் சிறு சிறு பஞ்சு உருண்டைகள் திரண்டிருந்தன. “100 சதவீதம் லினன் என்று போட்டிருந்ததே, ஏமாற்றிவிட்டார்களா?” என்றார். சோதித்துப் பார்த்தோம். லேபிள் பொய் சொல்லவில்லை. அது முழுக்க முழுக்க லினன்தான். ஆனால் மட்டமான லினன்.

துணி எதனால் ஆனது என்பதை மட்டுமே லேபிள் சொல்லும். லினன் என்பது ஆளிச் செடியின் தண்டுப் பட்டையிலிருந்து எடுக்கும் நார். தண்டை ஊறவைத்து, நசுக்கி, சக்கையை உதிர்த்துச் சீப்பில் சீவுவார்கள். முழ நீளத்துக்கும் மேற்பட்ட கற்றைகள் கையோடு வரும். குட்டை நார் சீப்பிலேயே தங்கிவிடும். நீண்ட கற்றையை வெந்நீரில் நனைத்து நூற்றால் வழவழப்பான, மெல்லிய மினுமினுப்புள்ள நூல் கிடைக்கும். குட்டை நாரும் வீணாவதில்லை. அதையும் நூற்கிறார்கள், சில வேளைகளில் பருத்தி நூற்கும் இயந்திரத்திலேயே. அந்த நூலில் நார் முனைகள் எங்கும் துருத்தி நிற்கும். பிசிறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இரண்டுக்கும் லேபிள் ஒன்றேதான்.

இதைத் தெரிந்துகொண்டால், கடைகளில் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருக்கும். நூலில் ஆங்காங்கே தடித்த திட்டுகள் இருந்தால்தான் அசல் லினன் என்று பலர் நினைக்கிறார்கள். அசல் லினனில் அவை ஓரளவு இருக்கும், உண்மைதான். ஆனால் அவை தரத்தின் அடையாளம் அல்ல. நார் எவ்வளவு நீளமோ, நூற்பு எவ்வளவு சீரோ, அவ்வளவுக்குத் திட்டுகள் குறையும். மிக உயர்ந்த லினன் ஏறக்குறைய வழவழப்பாகவே இருக்கும். மேலும், பருத்தியிலும் பாலியஸ்டரிலும் இந்தத் திட்டுகளை வேண்டுமென்றே வைத்து நூற்று, லினன் தோற்றத்தில் விற்கிறார்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். திட்டுகள் ஒரே இடைவெளியில், ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்குச் சில நூல்கள் போதும். கடையில் சிறு துண்டு கேட்டு வாங்குங்கள். பாவிலிருந்து (நீளவாக்கில் ஓடும் இழை) ஒரு நூல், ஊடையிலிருந்து (குறுக்கே ஓடும் இழை) ஒரு நூல் என இரண்டையும் உருவுங்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பாவில் பருத்தி, ஊடையில் லினன் என்று நெய்த துணிகள் ஏராளம். நூலின் முறுக்கை அவிழ்த்து மெல்ல இழுத்து அறுங்கள். லினன் அறுந்த இடத்தில் நார்கள் விறைப்பாக, நேராக, ஈட்டி முனைபோல நிற்கும். பருத்தியோ சுருண்டு பஞ்சாகப் பொசுபொசுவென்று விரியும். இன்னொரு நூலை நனைத்து இழுங்கள். லினன் ஈரத்தில் கூடுதல் வலு பெறும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை என்றால் சட்டென்று அறுந்துவிடும்.

நூலைக் கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள். பாலியஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும், அதைக் கண்டுபிடிக்கலாம். பருத்தி, விஸ்கோஸ், லினன் மூன்றும் எரிந்த காகித வாசனையோடு சாம்பலாவதால், அவற்றுக்குள் வேறுபாடு காண இது உதவாது.

கசங்குவதைக் குறையாகச் சொல்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுவேன். லினன் நாருக்கு நீண்டு கொடுக்கும் தன்மை மிகக் குறைவு, அதனால் கசங்கியே தீரும். கசங்கவே கசங்காது என்று விற்கும் லினனில் ஒன்று கலப்பு இருக்கும், அல்லது பிசின் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு நாரின் வலுவைக் குறைத்துவிடும். துணியைக் கைக்குள் அழுத்திப் பிடித்து விடுங்கள். மடிப்பு விழட்டும், ஆனால் காகிதம்போல மொரமொரப்பாக ஒடிந்தால் கஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். துணியோடு துணியைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிரும். ஒரு சலவையில் கஞ்சி போனதும் உள்ளே இருக்கும் தளர்ந்த நெசவு வெளியே தெரிந்துவிடும்.

நூல் எவ்வளவு மெல்லியது என்பதை ‘லீ’ என்ற எண்ணால் குறிப்பார்கள். 60 லீ என்றால் ஒரு பவுண்டு எடையில் 18,000 கஜம் நூல். எண் கூடக் கூட நூல் மெல்லியது. மெல்லிய நூலுக்கு நீண்ட நார் கட்டாயம் வேண்டும். சட்டைக்கு 60 லீ நன்றாக இருக்கும். கால்சட்டைக்கோ திரைச்சீலைக்கோ தடித்த நூலே பொருத்தம், அங்கே எண் குறைவதைத் தரக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கிவந்த துண்டில் 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் பேனாவால் வரைந்து, துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். 9.5 சென்டிமீட்டர் வந்தால் 5 சதவீதம் சுருங்கும் துணி. அதற்கேற்ப அளவைக் கூட்டி வாங்கி, துவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள்.