பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

இணுவில் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு அடிக்கும் ஒகனோபொசுபேற்று வகைப் பூச்சிமருந்தும், மறதிநோய் வந்த ஆச்சி படுக்கப் போகுமுன் போடும் டொனிபெசில் குளிசையும் உடலுக்குள் போனால் தேடிப் போவது ஒரே நொதியத்தைத்தான். அதன் பெயர் அசற்றைல்கோலினெசுத்தரேசு.

ஒரு நரம்புக் கலம் அடுத்ததற்குச் செய்தி சொல்ல அசற்றைல்கோலினை வெளியே விடுகிறது. செய்தி சேர்ந்ததும் அதை உடைத்து ஒழிப்பது இந்த நொதியம். செக்கனுக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உடைத்துத் தள்ளும். 1991இல் ஜோயெல் சுஸ்மன், இஸ்ரேல் சில்மன் குழுவினர் இதன் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டார்கள். உடைக்கும் இடம் மேலே இல்லை. சுமார் 2 நானோமீற்றர் ஆழமான ஒடுங்கிய கிணற்றின் அடியில், செரின் என்ற அமினோவமிலத்தில் இருக்கிறது.

பூச்சிமருந்து அந்தச் செரினோடு பொசுபரசுப் பிணைப்புப் போட்டு ஒட்டிக்கொள்கிறது. தேங்கும் அசற்றைல்கோலினால் கண்மணி சுருங்கும், எச்சில் வடியும், நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டும். பிரலிடொக்சிம் ஊசி பிணைப்பைக் கழற்றலாம். ஆனால் பிணைப்பு முதிர்ந்துவிட்டால் கழறாது. முதிர, டைமெதைல் வகைப் பூச்சிமருந்துக்குச் சில மணி நேரம், டைஎதைல் வகைக்கு ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். அதனால்தான் நோயாளியோடு போத்தலையும் லேபிளோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற மாற்றுமருந்தான அத்திரோபின் நொதியத்தைத் தொடாது, அசற்றைல்கோலின் செய்தியை ஏற்கும் கலத்திலுள்ள வாங்கியை (receptor) அடைக்கும். நெஞ்சுச் சத்தம் தெளியும்வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பார்கள்.

டொனிபெசில் பிணைப்பே போடுவதில்லை. நீண்ட அந்த மூலக்கூறின் ஒரு முனை கிணற்றடியிலும் மறுமுனை கிணற்றுவாயிலும் சாய்ந்து நிற்கும். பிறகு தானாக விலகும். நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த விலகலில்தான் இருக்கிறது. ஜப்பானின் ஐசாய் நிறுவனம் உருவாக்கிய இதற்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோயை இது நிறுத்தாது. நினைவையும் அன்றாட வேலையையும் சில காலம் தாங்கிப் பிடிக்கும்.

தொடக்கம் 5 மில்லிகிராம், 4 முதல் 6 கிழமைக்குப் பிறகே 10. அவசரப்பட்டுக் கூட்டினால் சத்தி, வயிற்றோட்டம் வரும், இதயத் துடிப்பும் குறையலாம். குருதியில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 70 மணி நேரம் எடுப்பதால், ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடத் தேவையில்லை. கெட்ட கனவு வந்தால் வைத்தியரிடம் கேட்டுக் காலையில் போடலாம்.

அடிக்கடி நடக்கும் பிழை வேறு. தடிமனுக்குப் பாமசியில் வாங்கும் பிரிட்டன் (Piriton) குளிசையும், நித்திரைக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அத்திரோபின் அடைக்கும் அதே வாங்கியைத்தான் அடைக்கின்றன. ஒரு குளிசை அசற்றைல்கோலினைக் கூட்ட, மற்றது கதவைச் சாத்தும். வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோவது இதற்காகவே.

மறதிநோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான மெமன்டின் அடைப்பது, குளூட்டமேற்று என்ற வேறொரு செய்திப் பொருளின் என்எம்டிஏ (NMDA) வாங்கியை. சாதாரணமாக அதன் வாய்க்காலை மக்னீசியம் அயன் மூடியிருக்கும். நோயில் குளூட்டமேற்று ஓயாமல் கசிய, மக்னீசியம் நகர்ந்து, கல்சியம் புகுந்து கலத்தைக் கெடுக்கிறது என்பது விளக்கம். மெமன்டின் அந்தக் கசிவை அடைக்கும், பலமான உண்மைச் செய்தி வந்தால் சட்டென்று விலகிக் கொடுக்கும். கெற்றமின் என்ற மயக்கமருந்து அதே வாய்க்காலில் இறுகி உட்காருவதால் மயக்கமும் பிரமையும் வருகின்றன.

மெமன்டினை 5 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக்கு 5 மில்லிகிராமாக 20 வரை கூட்டுவார்கள். சிறுநீரோடு வெளியேறுவதால், நீரிழிவால் சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு 10 போதும். நெஞ்செரிவுக்கு அப்பச்சோடாவை அடிக்கடி கரைத்துக் குடித்தால் சிறுநீர் காரமாகி, மெமன்டின் உடலிலேயே தங்கிவிடும்.