உடலின் கனவளவு: கொள்ளளவு அல்ல

தமிழாக்கம் செய்த உடல்நலக் கையேடுகளிலும் காணொளிகளிலும் 'உடல் கொள்ளளவு' என்றொரு சொல் அடிபடுகிறது. ஒருவருடைய உடல் எத்தனை லிட்டர் இடத்தை அடைக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறார்கள். காதில் விழுவதோ, உடலுக்குள் எத்தனை லிட்டர் ஊற்றலாம் என்பது. ஒரு தடவை என்றால் கண்டுகொள்ளாமல் விடலாம். இப்போது எங்கே திரும்பினாலும் இதுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு வால்யூம் என்று பெயர். அச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் 'வொலூமென்'. சுருட்டியது, அதாவது ஏட்டுச் சுருள் என்று பொருள். சுருள் புத்தகமாகி, புத்தகத்தின் பருமையைக் குறித்து, கடைசியில் எந்தப் பொருளும் அடைக்கும் இடத்துக்குப் பெயரானது. ஒலியின் அளவுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தமிழில் தொகுதி, ஒலியளவு, கனவளவு என்று மூன்று சொற்கள் தனித்தனியே இருப்பது நமக்கு வசதியே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'கன அளவு' என்று பிரித்து எழுதும், இலங்கையில் 'கனவளவு'. எனக்குச் சேர்த்து எழுதுவது பிடிக்கும். ஒரே கருத்து, ஒரே சொல்.

சரி, கொள்ளளவுக்கு வருவோம். கொள்ளும் அளவு கொள்ளளவு. குடத்துக்கு உண்டு, தொட்டிக்கு உண்டு, அணைக்கு உண்டு. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று செய்தியில் வரும். அடுத்த வரியிலேயே 'நீர் இருப்பு' என்று வேறொரு எண் வரும். அணை காய்ந்து கிடந்தாலும் அதன் கொள்ளளவு குறைவதில்லை. உள்ளே கிடக்கும் நீர் எவ்வளவு என்பது வேறு கணக்கு. இந்த வேறுபாட்டைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவார். கருங்கல்லுக்குக் கொள்ளளவு என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். கல்லுக்குக் கனவளவு மட்டும்தான் உண்டு.

உடம்பில் இந்தக் குழப்பம் வெறும் சொல் குழப்பமாக நிற்பதில்லை. உடலின் கனவளவை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் புரியும். பழைய முறை ஆர்க்கிமிடீஸ் வழி: ஆளை நீருக்குள் முழுக்க அமிழ்த்தி எடை பார்ப்பது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பெங்கேயும் அவருடன் இருந்தவர்களும் 1942-இல் இதை உடற்கொழுப்பு அளவீட்டுக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். தரையில் 70 கிலோ இருப்பவர் நீருக்குள் 3 கிலோ காட்டுகிறார் என்று வையுங்கள். அவர் விலக்கிய நீர் 67 கிலோ, கிட்டத்தட்ட 67 லிட்டர். வேலை இதோடு முடியவில்லை. மூச்சை முழுக்க வெளியே விட்டாலும் நுரையீரலில் சுமார் 1.2 லிட்டர் காற்று தங்கும். குடல் வாயுவுக்கு வழக்கமாக 0.1 லிட்டர். இரண்டையும் கழித்தால் 65.7 லிட்டர். அதுதான் உடலின் கனவளவு. எடையை இதால் வகுத்தால் அடர்த்தி லிட்டருக்கு 1.0654 கிலோ. சிரி என்பவர் தந்த வாய்பாட்டின்படி, 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் கொழுப்பு விழுக்காடு: ஏறத்தாழ 14.6. அந்த 1.3 லிட்டரைக் கழிக்க மறந்தால் அதே ஆளுக்கு 23.8 என்று வரும்! ஆக, உடல் உள்ளே 'கொண்டிருக்கும்' காற்றைத்தான் பிடிவாதமாகக் கழிக்கிறோம். கழிக்க வேண்டியதன் பெயரையே விடைக்குச் சூட்டுவது என்ன மொழிபெயர்ப்பு?

நுரையீரல் மருத்துவத்தில் சிக்கல் இன்னும் முற்றுகிறது. அங்கே வால்யூம், கெபாசிட்டி இரண்டும் உண்டு. சாதாரணமாக ஒரு மூச்சில் போய்வரும் அரை லிட்டர் முதல் வகை. அப்படிப்பட்ட அளவுகள் இரண்டோ பலவோ சேர்ந்த கூட்டுத்தொகை இரண்டாம் வகை. நுரையீரல் மொத்தமாகப் பிடிக்கும் சுமார் 6 லிட்டர் அதில் சேரும். 'கொள்ளளவு' உண்மையில் பொருந்துகிற இடம் இது. முதல் வகைக்கே அதைச் செலவழித்துவிட்டால், இரண்டாவதற்கு எதை வைப்பது? 'திறன்' என்பார்கள். திறனை ஏற்கெனவே இயற்பியல் எடுத்துக்கொண்டதே!

தனித்தமிழ் அன்பர்கள் வேறு பக்கம் இழுக்கிறார்கள். 'கன' வடமொழி, ஆகவே 'பருமன்' என்று எழுதச் சொல்கிறார்கள். பரு என்பது நல்ல தமிழ் வேர்தான், மறுக்கவில்லை. ஆனால் 'உடல் பருமன்' என்றால் ஊரில் யாருக்கும் ஒரே பொருள்தான். ஒல்லியான பையனிடம் "உன் உடல் பருமன் 50 லிட்டர்" என்று சொல்லிப் பாருங்கள். இலங்கை இயற்பியலிலோ பருமன் என்றால் விசையின் பருமன், வேகத்தின் பருமன்; முற்றிலும் வேறு. கனம் என்றால் எடைதானே என்ற மறுப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் விநாடிக்கு இத்தனை கன அடி நீர் திறப்பு என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் எவரும் அதை எடை என்று எண்ணியதில்லை.

அப்புறம் 'கணிப்பு'. எஸ்டிமேட் என்று கண்டாலே சிலர் 'உடல் கொள்ளளவு கணிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள், ஜாதகம் போல. அளந்த எடையிலிருந்து கணக்குப் போட்டு எட்டுவது மதிப்பீடு. முட்டை வடிவ அறைக்குள் ஆளை உட்காரவைத்துக் காற்றழுத்த மாற்றத்தைப் பார்க்கும் புதிய கருவிகள் தருவதும் மதிப்பீடுதான். இந்தப் பிழைகள் அறியாமையால் வருபவை என்று நான் நம்பவில்லை. மொழிபெயர்ப்புப் பொறி முதலில் துப்பிய சொல்லைப் படித்துப் பார்க்காமல் ஒட்டுகிறார்கள். நேற்று ஒரு காணொளியின் அடிவரியில் 'இரத்தக் கொள்ளளவு 5 லிட்டர்' என்று ஓடியது. 'உடலில் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது' என்று எழுதியிருந்தால் கலைச்சொல்லே தேவைப்பட்டிருக்காது.